ஆறடி கேட்டும் அம்மாவின் முட்டியும்

கார் வாங்கலாம் என்று முடிவெடுத்த அன்று நான் செய்த முதல் காரியம், இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனது. எங்கள் வீட்டு கேட் சரியாக ஆறடி. 183 சென்டிமீட்டர். நங்கநல்லூரில் அப்பா எண்பதுகளில் கட்டிய வீடு. கேட் போடும்போது அவர் மனதில் இருந்தது அவருடைய ஸ்கூட்டர் மட்டும்தான். தெருவும் கேட்டுக்கு ஏற்ற தெரு. எதிர்வீட்டுக்காரர் பைக்கை வெளியே நிறுத்திவிட்டால் எந்த வண்டியும் எங்கள் வாசலில் ஒரே வெட்டில் திரும்பாது.

அடுத்து டைனிங் டேபிள் நாற்காலியை அளந்தேன். பதினெட்டு அங்குலம். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தானாக எழுந்துவிடுவாள். சோபாவில் உட்கார்ந்தால் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். இத்தனை வருடம் ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம் எல்லாவற்றுக்கும் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோ அண்ணன்தான். இப்போது ஆட்டோவில் காலைத் தூக்கி வைப்பதே அம்மாவுக்குப் பெரும்பாடு. அவரும் இறங்கி வந்து கை கொடுத்து ஏற்றிவிடுவார். "கார் ஒண்ணு வாங்கிடுக்கா, அம்மா படுற பாட்டைப் பாக்க முடியல" என்று முதலில் சொன்னதே அவர்தான். தன் சவாரி போகுமே என்று யோசிக்காமல் சொன்ன மனுஷன்.

ஆக, கேட்டுக்குள் நுழைய வேண்டும், நாற்காலி உயரத்தில் சீட் இருக்க வேண்டும், மூன்று லட்சத்துக்குள் முடிய வேண்டும். யூடியூபில் எல்லோரும் பேசுகிற பவர், டார்க், டச் ஸ்கிரீன் எதுவும் என் பட்டியலில் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, பயிற்சி வண்டியைப் பதினேழு தடவை நடுரோட்டில் அணைத்து, லைசென்ஸ் வாங்கியவள் நான். எனக்கு எதற்கு டார்க்?

புது கார் வாங்கக் கூடாதா என்று கேட்காத ஆள் இல்லை. நான் தேடிக்கொண்டிருந்தபோதுதான், 2025 செப்டம்பர் 22 முதல், சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் வரி 28, அதற்கு மேல் செஸ் வேறு. மாருதி எஸ்-பிரெஸ்ஸோவின் ஆரம்ப விலை மூன்றரை லட்சத்துக்கும் கீழே வந்தது. எனக்கும் ஒரு வாரம் தூக்கம் கெட்டது. ஆனால் அது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட காருக்கு ஆயுள் வரி 12 சதவீதம் (2023 நவம்பர் வரை 10 ஆக இருந்தது), பிறகு இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, அது இது. வண்டி ரோட்டுக்கு வரும்போது நாலேகால் லட்சத்தைத் தொட்டுவிடும். அதுகூடப் பரவாயில்லை. புது காரின் முதல் கீறல் எங்கள் தெருவில் எத்தனையாவது நாளில் விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள். அந்தத் துக்கத்தை ஏற்கெனவே ஒருத்தர் அனுபவித்து முடித்த வண்டி எனக்குப் போதும்.

வரி இறங்கியதால் எனக்குக் கிடைத்த லாபம் வேறு. புதுசு இறங்கினால் பழசும் இறங்கித்தானே ஆக வேண்டும்? செப்டம்பருக்கு முன் போட்ட விலையையே பிடித்துக்கொண்டு நின்ற புரோக்கர்களிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், பத்தாயிரம் குறையும்.

இனி கேட். காரின் அகலம் என்று கம்பெனி போடுகிற கணக்கில் பக்கக் கண்ணாடிகள் சேராது. பக்கத்துக்கு ஒரு சாண் அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட் 170 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிகளை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைக்க வேண்டும். கிராண்ட் ஐ10 166. முடியும், ஆனால் நான் ஓட்டினால் முடியாது. பழைய ஐ10 160-ஐ ஒட்டி. பழைய வேகன் ஆர் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. பார்த்தவுடன் டேப்பைச் சுருட்டிவிட்டேன்.

ஆல்டோவும் ஒல்லிதான், விலையும் சல்லிசு. ஆனால் அம்மாவைப் பக்கத்து வீட்டு ஆல்டோவில் உட்காரவைத்துப் பார்த்தோம். உள்ளே போனாள். வெளியே வருவதற்குள் பக்கத்து வீட்டு மாமி காபி போட்டு எடுத்து வந்துவிட்டார். வேகன் ஆருக்கு டப்பா, அலமாரி, ஃபிரிட்ஜ் என்று எத்தனையோ பட்டப்பெயர். அந்த அலமாரி உயரம்தான் முட்டி வலிக்காரர்களுக்கு வரம். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பினால் போதும். 1998-ல் ஹூண்டாய், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோவை வெளியே விட்டபோது அந்த உயரத்தைப் பார்த்துச் சிரித்த ஊர் இது. அடுத்த வருடமே மாருதியும் வேகன் ஆரோடு அதே உயரத்துக்கு வந்தது. சிரித்தவர்களுக்கெல்லாம் இப்போது முட்டி வலி வந்திருக்கும்.

மறைமலைநகர் ஃபோர்டு ஃபிகோ மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் கையில் அப்படி உட்காருகிறது. 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்ததிலிருந்து விலை சரிந்து கிடக்கிறது. டட்சன் கோவும் அப்படித்தான், ஓரகடத்தில் பிறந்து 2022-ல் பெயரே இல்லாமல் போனது. பாகங்கள் கிடைக்காமல் இல்லை. ஆனால் தேட வேண்டும், காத்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு வண்டி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இருக்கிற ஒரே வண்டி ஒரு சென்சாருக்காகப் பத்து நாள் ஷெட்டில் நின்றால் நான் மறுபடி ஆட்டோ ஸ்டாண்டில்தான் நிற்பேன்.

கிளட்ச் மிதிக்கிற வேலை இல்லாத ஏஎம்டி வண்டிகளையும் பார்த்தேன். 2014-ல் செலேரியோவில் வந்த பிறகுதான் குறைந்த விலைக்காரில் கியர் தானாக மாறும் வசதி நம்மூரில் பரவியது. கிண்டி கத்திப்பாராவில் மாலை ஆறரை மணிக்கு நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பத்து வயதான ஏஎம்டி கெட்டுப்போனால் தெருமுனை ஷெட்டில் பிரித்து மாட்ட முடியாது என்று மெக்கானிக் அண்ணன் கையை விரித்துவிட்டார். என் இடது கால் உழைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெக்கானிக் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் புரோக்கர்கள்.

முதல் மூன்று யார்டுகளுக்கு என் தங்கை வீட்டுக்காரர் துணைக்கு வந்தார். அவருக்கு கார் ஓட்டத் தெரியாது, பைக்கே அளவோடுதான். ஆனால் எந்த யார்டிலும் எவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "சார், இன்ஜின் சவுண்டைக் கேளுங்க சார்." "சார், எவ்ளோ சார் பட்ஜெட்?" பாவம், அவர் ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் கேட்ட கேள்விக்கும் பதில் அவருக்கே போகும். என்னிடம் நேரடியாகச் சொன்னது ஒரே ஒரு வாசகம்: "மேடம், சீட் கவர் கலர் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்." நாலாவது யார்டிலிருந்து தனியாகத்தான் போனேன். தனியாகப் போனால் வேறு வழியில்லாமல் நம்மிடம்தான் பேசியாக வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சென்னையில் விற்பனைக்கு நிற்கிற பழைய கார்களில் பாதியை டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். "டாக்டர் வண்டி மேடம், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான்." மீதிப் பாதியை பேங்க் மேனேஜர்கள். எல்லாமே சிங்கிள் ஓனர், எல்லாமே முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். அப்படி ஒரு டாக்டர் வண்டியின் ஆர்சியை எம்பரிவாஹன் செயலியில் போட்டுப் பார்த்தேன். நாலாவது ஓனர். "நாலு பேருமே டாக்டரா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு மெசேஜ் அனுப்புவதில்லை.

கிலோமீட்டரைப் பின்னால் சுற்றுவது ஒரு லேப்டாப்பும் அரை மணி நேரமும் இருந்தால் முடிகிற வேலையாம். மீட்டரை மாற்றுகிறவர்கள் மிதியை மாற்றுவதில்லை. முப்பத்தெட்டாயிரம் ஓடிய வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள். ரப்பர் சொல்லாது. கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டியாக இருந்தால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று பதிவு இருக்கும். அதைக் கேட்டால் "புக்கு வீட்ல இருக்கு மேடம்" என்பார்கள். அந்த வீடு எங்கே இருக்கிறது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

மெக்கானிக் அண்ணன் ஆதம்பாக்கத்தில் ஷெட் வைத்திருக்கிறார். ஆட்டோ அண்ணன் கைகாட்டிய ஆள். ஒரு வண்டி பார்க்க ஐந்நூறு ரூபாய், பெட்ரோல் தனி. மொத்தம் ஏழு வண்டிகளுக்கு என்னோடு வந்தார். இந்தப் பதிவில் உருப்படியாக ஏதாவது இருந்தால் அது அவருடையது.

முதல் நாளே ஒன்று சொன்னார். "அக்கா, விக்கிறவன் வண்டியைக் கழுவி வச்சிருப்பான். அவன் கழுவாத இடத்தை மட்டும் பாரு."

நான் போனட்டையும் பெயிண்டையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழிக்குள் கையை விடுவார். கதவு ரப்பரை உரித்து உள்ளே இருக்கும் வெல்டிங் புள்ளிகளைத் தடவுவார். கம்பெனியில் வைத்த புள்ளி வரிசையாக ஒரே மாதிரி இருக்கும், டிங்கரிங் ஷெட்டில் வைத்தது கோணல்மாணலாக இருக்கும். போனட்டைத் தாங்கும் கீல்களின் போல்ட்டில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது, போனட்டைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள்? எல்லாக் கண்ணாடியிலும் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை வரிசையாகப் படிப்பார். ஐந்து கண்ணாடி ஒரு வருடமும் ஒன்று வேறு வருடமும் காட்டினால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது. டயரில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் இருபத்து மூன்றாவது வாரம் செய்த டயர். "புது டயர் மேடம்" என்று காட்டிய வண்டியில் ஆறு வருடப் பழைய டயருக்கு கறுப்பு பாலிஷ் போட்டிருந்தார்கள்.

அவருடைய சட்டைப்பையில் ஒரு குட்டிக் காந்தம், துணி சுற்றி. தகரத்தில் ஒட்டும். அடியை மறைக்க பட்டி அப்பிய இடத்தில் வழுக்கி விழும். ஒரு சான்ட்ரோவின் பின்கதவு முழுக்க அந்தக் காந்தம் நிற்க இடமே கிடைக்கவில்லை.

வேளச்சேரிப் பக்கம் ஒரு யார்டில் பார்த்த ஸ்விஃப்டை மறக்கவே மாட்டேன். கேட்டுக்குள் சுலபமாக நுழையாது என்று தெரியும், ஆனாலும் விலை அப்படி இழுத்தது. 2019 மாடல், இருபத்தொன்பதாயிரம் கிலோமீட்டர், மூன்று லட்சத்து இருபது. சந்தை விலையை விட ஒரு லட்சத்துக்கும் மேல் குறைவு. "கேட்டை இடிச்சுக் கட்டிக்கலாமே" என்றுகூட மனசு பேச ஆரம்பித்துவிட்டது. உள்ளே உட்கார்ந்தால் கமகமவென்று எலுமிச்சை வாசனை. அண்ணன் மூக்கைச் சுளித்தார். "இவ்ளோ வாசனை எதுக்குக்கா?" டிரைவர் சீட்டின் பெல்ட்டைப் பிடித்து, கடைசி அங்குலம் வரைக்கும் உருவினார். நாம் தினமும் உருவுகிற நீளம் வரை பெல்ட் சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. தண்ணீர் நின்ற மட்டம். சீட்டை முன்னே தள்ளி அடியில் டார்ச் அடித்தார், தண்டவாளம் முழுக்கத் துரு. கால்மிதிக்கு அடியிலிருந்த கார்ப்பெட்டைக் கிளறினார், நகத்தில் வண்டல் ஏறி வந்தது.

"டிசம்பர் 2023" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மிக்ஜாம் புயலில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கார்கள் மிதந்த காட்சியை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். 2015 டிசம்பரிலும் இதே கதைதான். அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போயின என்று யாராவது யோசித்தோமா? சில புதுப்பேட்டைக்குப் போய் பாகம் பாகமாகப் பிரிந்தன. சிலவற்றை இன்சூரன்ஸ்காரர்கள் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிட்டு ஏலத்தில் விட, வாங்கியவர் துடைத்து, காயவைத்து, எலுமிச்சை அடித்து நிறுத்திவிடுகிறார். இன்ஜினில் தண்ணீர் புகுந்தால்கூடப் பிரித்துச் சரிசெய்யலாம். வயரிங்கிலும் கம்ப்யூட்டர் பெட்டியிலும் புகுந்த ஈரம் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்னும். ஒரு நாள் பவர் விண்டோ இறங்காது, இன்னொரு நாள் ஹாரன் தானாக அடிக்கும், மூன்றாம் நாள் ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி நிற்கும். எந்த மெக்கானிக்காலும் காரணம் சொல்ல முடியாது. சென்னையில் பழைய கார் பார்க்கப் போனால் முதலில் பெல்ட்டை உருவுங்கள். ஓசியில் செய்கிற சோதனை, பத்து வினாடி.

மலிவு என்ற பெயரில் இன்னும் இரண்டு பேரம் வந்தன. ஒன்று 2011 ஐ10, ஒரு லட்சத்து முப்பது. தனியார் கார்களுக்கு ஆர்சி பதினைந்து வருடம்தான் செல்லும். அந்த வண்டிக்கு 2026-ல் முடிகிறது. அதற்குப் பிறகு எஃப்சி எடுத்துப் புதுப்பித்தால் ஐந்து வருடம். முன்பு அறுநூறு ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து ஐயாயிரம். எஃப்சி காட்டுவதற்கு முன் டிங்கரிங், பெயிண்ட், சைலன்சர் என்று வண்டியைத் தேற்ற வேண்டும். போதாததற்கு அந்த 1.1 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட். அதைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று விற்பவருக்கே தெரியவில்லை. இன்னொன்று பிஒய் நம்பர் வண்டி. பாண்டிச்சேரிப் பதிவு, பளபளவென்று மாருதி. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்து நம்மூர் வரி கட்ட வேண்டும். அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பார்த்ததும் பளபளப்பு போய்விட்டது.

ஏர்பேக் விஷயத்தில்தான் எனக்கும் பட்ஜெட்டுக்கும் சண்டை வந்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு நம்மூரின் ஐந்து சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்தது. நானோ, ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். அந்த வீடியோவை ராத்திரி பதினோரு மணிக்குப் பார்த்திருக்கக் கூடாது. பிறகுதான் படித்தேன்: 2019 ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம், ஏபிஎஸ் அந்த ஏப்ரலிலிருந்தே. முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கும் கட்டாயம் என்று வந்தது 2021-ல்தான். எங்கள் வீட்டில் பக்கத்து சீட் அம்மாவுடையது. 2019-ல் வந்த புது உருவ வேகன் ஆர் என்றால் நாலு லட்சத்தைத் தாண்டுகிறது, அகலமும் கூடிவிட்டது. அதுவும் அந்த வருடச் சோதனையில் வாங்கியது இரண்டே நட்சத்திரம்.

நடுவில் ஒரு வழி இருந்தது. கட்டாயமாவதற்கு முன்பே பழைய வேகன் ஆரில் கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கிடைத்தன. அந்த வண்டிகளில் மாடல் பெயரின் வாலில் 'ஓ' என்று ஒரு எழுத்து இருக்கும், ஆப்ஷனல் என்பதன் சுருக்கம். அப்போது நம்மவர்கள் அந்தப் பணத்துக்கு அலாய் வீல் போட்டார்கள், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவரும் ஸ்பீக்கரும் மாட்டினார்கள். 'ஓ' கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆறு வாரம் தேடினேன்.

கிடைத்தது நடந்து போகிற தூரத்தில். ஆட்டோ அண்ணனுக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்ட் சார், மகனோடு இருக்க பெங்களூர் போகிறார். 2017 வேகன் ஆர், ஓ வாலோடு, அறுபத்தோராயிரம் கிலோமீட்டர். டாக்டர் இல்லை, மின்வாரியத்தில் இருந்தவர். எல்லா சர்வீஸ் பில்லையும் ஒரு ஃபைலில் தேதி வாரியாகப் பஞ்ச் பண்ணி வைத்திருந்தார். காற்று அடித்த ரசீதுதான் இல்லை.

காலை ஆறரைக்கே போய்விட்டோம். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் அதன் உண்மையான குரல் தெரியும். சூடாக்கி வைத்துக் காத்திருக்கிறவர்களிடம் ஜாக்கிரதை. ஒரே திருப்பில் எழுந்தது. மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும், அது இந்த இன்ஜினின் பிறவிக்குணம் என்றார் அண்ணன். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தக் கவலையும் இல்லை. புகை இல்லை. ஆயில் மூடியின் உள்பக்கத்தில் வெள்ளைக் கசடு இல்லை. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடியில் அணைந்தது. இது முக்கியம். எரியாமலே இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஸ்பீடு பிரேக்கர்களில் ஏற்றி இறக்கினோம். முன்பக்கம் இடது பக்கத்தில் 'டொக் டொக்'. லிங்க் ராட், புஷ், மூவாயிரத்துக்குள் முடியும் என்றார்.

மதியம் ஒரு மணிக்கு நான் மட்டும் மறுபடி போனேன். ஏசிக்காக. காலையில் எந்த ஏசியும் குளிரும். நடு வெயிலில், வண்டி நகராமல் நிற்கும்போது குளிர வேண்டும். பத்து நிமிடம் உட்கார்ந்தேன். சார் வீட்டம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குளிர்ந்தது. ஏசியும்தான்.

மாலையில் அம்மா. பக்கவாட்டில் உட்கார்ந்தாள், காலை உள்ளே திருப்பினாள், கதவை அவளே சாத்தினாள். பிறகு திறந்து, மேல்கைப்பிடியைப் பிடித்து, தானாக எழுந்து நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. திரும்பவும் உட்கார்ந்தாள். திரும்பவும் எழுந்தாள். "சரிதான்" என்றாள். சார் சொன்ன விலை மூன்று அறுபது. அம்மா ஏழு தடவை ஏறி இறங்கியதை அவர் பார்த்துவிட்டார், அதற்குப் பிறகு நான் என்ன பேரம் பேசுவது? புஷ், டயர், ஜிஎஸ்டி கதை எல்லாம் சொல்லி மூன்று முப்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மூன்று லட்சம் அங்கேயே மூழ்கியது. அந்த முப்பத்தெட்டாயிரம் 'ஓ' என்ற எழுத்துக்கு என்று கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பேப்பர் விஷயத்தில் சார் என்னை விட கறார். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பேர் மாறுற வரைக்கும் நான் பெங்களூர் கிளம்ப மாட்டேன்மா" என்றார். சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். பலர் வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வண்டி யார் யார் கையிலோ ஓடும், விபத்து நடந்தால் நஷ்ட ஈடு ஆர்சியில் பெயர் உள்ளவர் தலையில். 2018-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. சார் அதைப் பேப்பரில் படித்து வெட்டி வைத்திருந்தார், அதே ஃபைலில். லோன் முடிந்த வண்டி, ஃபார்ம் 35 கொடுத்து ஆர்சியில் பேங்க் பெயரையும் எடுத்திருந்தார். ஒரு பழைய சிக்னல் ஃபைன் பாக்கி இருந்ததை என் கண்முன்னே போனில் கட்டினார், கொஞ்சம் வெட்கத்தோடு.

நான் ஏமாந்த இடம் இன்சூரன்ஸ். சாருக்கு ஐம்பது சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ். அது வண்டியோடு எனக்கு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வராது. அது மனிதரோடு போகிற சலுகை. அவர் அடுத்து வாங்கும் காருக்கு எடுத்துக்கொள்வார். நான் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாலிசியை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றும்போது அந்த வித்தியாசத்தையும் கட்டினேன்.

பிறகு நாலு டயர், பேட்டரி, ஆயில், ஃபில்டர்கள், அந்த 'டொக் டொக்'. இருபத்தேழாயிரம். பழைய கார் வாங்குகிறவர்கள் கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். முதல் மாதமே வண்டி தன் பங்கைக் கேட்கும். நகருக்குள் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் தருகிறது. மெட்ரோ வேலைக்காக வழியை மாற்றிவிட்ட ரோடுகளில் அதுவும் இல்லை.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஆட்டோ அண்ணன் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார். எதிர்வீட்டு பைக்கை அவரே உருட்டி ஓரம் கட்டினார். அம்மா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ரிவர்ஸ் போட்டேன். "வரட்டும், வரட்டும், ரைட்ல ஒடிக்கா, இன்னும் ஒடி, நேர் பண்ணு." இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பின்பக்கம் கேட்டுக்குள் போய்விட்டது. இடப்பக்கம் பார்த்தால் இடம் தாராளமாக இருந்தது, வலப்பக்கம் பார்த்தால் தூண் மூஞ்சியில் நின்றது.

"அண்ணே, போகுமா?"

"ஆறடி கேட்டுல அஞ்சடி வண்டி, போகாம என்னக்கா. அந்தக் கண்ணாடியை மட்டும் மடக்கு."

கையை வெளியே விட்டு மடக்கினேன்.